நம் கடலுக்குக் குளிர்காலம் இல்லை: ஸ்டெர்ன்டிரைவ் படகுக்காரருக்கு ஒரு வழிகாட்டி

கோலா சாவாவில் வீடு இருந்தாலும் கடல் எட்டாத தூரத்தில் இல்லை. சனிக்கிழமை விடிகாலையில் படகை இழுவண்டியில் ஏற்றிப் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் போர்ட்டிக்சனில் இறக்கிவிடலாம். லிங்கி ஆற்று முகத்துவாரத்துக்கும் போய்வரலாம். தோட்டத்து ஸ்டோரிலும் லோரிப் பட்டறையிலும் கை பழகியவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. அந்தக் கைத்திறனை நம்பிப் பழைய உல்லாசப் படகு வாங்க நினைப்பவர்களுக்காகவும், ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்காகவும் இந்தக் கட்டுரை.

விற்பனைக்கு வரும் பழைய ஃபைபர் படகுகளில் ஸ்டெர்ன்டிரைவ் பொருத்தியவை கணிசம். எஞ்சின் படகுக்குள் இருக்கும். கியரும் புரொப்பெல்லரும் அடங்கிய கால், அதாவது டிரைவ், வெளியே பின்பலகைக்கு அப்பால் தொங்கும். இந்த அமைப்பை வால்வோ பென்டா 1959-இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் ‘அக்வாமேட்டிக்’ என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. மெர்குரி நிறுவனம் 1961-இல் மெர்குரூசரோடு வந்தது. இரண்டுமே குளிர்நாடுகளில் பிறந்தவை. அங்கே இலையுதிர் காலம் வந்ததும் படகைக் கரையேற்றி, எண்ணெய் மாற்றி, ரப்பர்களைச் சோதித்து மூடிவைப்பார்கள். பருவ முடிவில் செய்யவேண்டியவை என்று கையேடுகள் தனிப்பட்டியலே போட்டிருக்கின்றன.

நமக்குப் பருவ முடிவு கிடையாது. ஆண்டு முழுதும் கடலுக்குப் போகலாம் என்பதால், படகை நிறுத்திப் பார்க்கும் நாள் வருவதே இல்லை. வெதுவெதுப்பான உப்பு நீரும் ஈரக்காற்றும் படகு ஓடாத நாளிலும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கின்றன. இங்கே ஸ்டெர்ன்டிரைவ் கெடுவதற்கு முதன்மைக் காரணம் ஓட்டமன்று, தேதி தவறிய பராமரிப்பு. அதனால் ஆண்டுக்கு ஒருமுறை நாமாகவே ஒரு குளிர்காலத்தை வகுத்துக்கொள்ள வேண்டும். தீபாவளியை ஒட்டிய மழைநாட்கள் அதற்குப் பொருத்தம். ஆண்டுக் கடைசி விடுமுறைக்குள் படகும் தயாராகிவிடும்.

முதல் படி: ஸ்டெர்ன்டிரைவ் உங்களுக்கு ஏற்றதா?

போர்ட்டிக்சன் கரையோர மீனவர்களின் சம்பான்களைப் பாருங்கள். பின்னால் தொங்குவது பெரும்பாலும் அவுட்போர்டு. காரணம் எளிது. அவுட்போர்டை முழுவதுமாக நீருக்கு மேலே தூக்கிவிடலாம். கழற்றி வீட்டுக்கும் கொண்டுபோகலாம். படகின் உடலில் நீர்மட்டத்துக்குக் கீழே அதற்காகத் துளை போடவேண்டியதில்லை.

ஸ்டெர்ன்டிரைவுக்கு அந்தத் துளை உண்டு. எஞ்சினிலிருந்து வரும் தண்டு பின்பலகையைத் துளைத்து வெளியே போகிறது. கடல்நீர் உள்ளே வராமல் காப்பது மடிப்பு மடிப்பான ரப்பர் உறை ஒன்று; பட்டறையில் ‘பெல்லோஸ்’ என்பார்கள். டிரைவை எவ்வளவு தூக்கினாலும் அதன் ஒரு பகுதி நீரிலேயே இருக்கும்.

ஆகவே தேர்வு படகை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது:

1. படகு ஆண்டு முழுவதும் மெரினாவிலோ ஆற்றிலோ மிதந்தபடி இருக்குமானால், அவுட்போர்டு வாங்குங்கள். ஸ்டெர்ன்டிரைவ்தான் வேண்டுமென்றால் பராமரிப்புச் செலவுக்குத் தனியே பணம் ஒதுக்கவேண்டும்.
2. இழுவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து கூரைக்கடியில் நிறுத்துவீர்களானால், ஸ்டெர்ன்டிரைவ் நல்ல தேர்வுதான். எஞ்சின் எடை தாழ்வாக இருப்பதால் படகு நிலையாக ஓடும், பின்பக்கத்தில் குடும்பம் உட்கார இடமும் கிடைக்கும்.
3. வாரக்கணக்கில் எட்டிப்பார்க்க நேரமில்லாதவர் எதை வாங்கினாலும் கெடும். ஸ்டெர்ன்டிரைவ் இன்னும் சீக்கிரம் கெடும்.

இரண்டாம் படி: எந்த வகை டிரைவ்?

பழைய படகுகளில் அதிகம் காணப்படுபவை மெர்குரூசரின் ஆல்ஃபா, பிராவோ வகைகளும் வால்வோ பென்டாவும். ஆல்ஃபா நான்கு சிலிண்டர், வி6, சிறிய வி8 எஞ்சின்களுக்கானது. உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கும். மாற்று நிறுவனங்களும் தயாரிக்கின்றன. பிராவோ அதிக சக்திக்கானது. ‘பிராவோ த்ரீ’ என்ற வகையிலும், வால்வோ 1982-இல் கொண்டுவந்த டுயோபுரொப்பிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பெல்லர்கள் உண்டு. படகு நேராகப் போகும், பிடிப்பும் அதிகம். ஆனால் உப்பு நீரில் அரிமானத்துக்குக் கூடுதல் கவனம் தேவை, புரொப்பெல்லர் செலவும் இரட்டை.

ஆல்ஃபாவில் கடல்நீரை இழுக்கும் பம்பு டிரைவின் காலுக்குள் இருக்கிறது. பிராவோவிலும் வால்வோவிலும் அது எஞ்சினோடு இருக்கிறது. அந்தப் பம்பின் ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரை மாற்ற ஆல்ஃபாவின் கீழ்ப்பகுதியைக் கழற்ற வேண்டும், மற்றவற்றில் எஞ்சின் அறையிலேயே வேலை முடியும். ஆண்டுதோறும் செய்யும் வேலை என்பதால் வாங்கும்போதே இதை யோசியுங்கள்.

ஓஎம்சி கோப்ரா டிரைவ் பொருத்திய படகு மலிவாகக் கிடைத்தால் தயங்குங்கள். அந்த நிறுவனம் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் திவாலானது. பாகம் தேடும் அலைச்சலில் மிச்சப்படுத்திய பணம் கரைந்துவிடும்.

மூன்றாம் படி: வாங்குமுன் அரை நாள் சோதனை

படகு தரையில், இழுவண்டிமேல் இருக்கவேண்டும். நீரில் மிதக்கும் படகை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள்.

1. கியர் ஆயில். டிரைவின் அடித்திருகைச் சற்றுத் தளர்த்தி, வரும் முதல் துளிகளைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் நல்லது. பாலாடை நிறத்தில் கலங்கியிருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. திருகின் காந்தமுனையில் மெல்லிய இரும்புத் துகள் இருப்பது இயல்பு. உதிர்ந்த சில்லுகள் இருந்தால் கியர் உடைகிறது.
2. ரப்பர் உறைகள். டிரைவை முழுவதும் தூக்கி, இடமும் வலமுமாகத் திருப்பி, மடிப்புகளுக்கு உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்போ விறைப்போ ஒட்டிய சிப்பியோ தெரிந்தால் மாற்றவேண்டியதுதான்.
3. ஆட்டம். டிரைவின் அடிக்கால் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஸ்டியரிங் நகராமலே டிரைவ் மட்டும் தாராளமாக ஆடினால், அதைத் தாங்கும் கிம்பல் வளையம் தேய்ந்திருக்கிறது. பெரிய செலவு.
4. பின்பலகை. டிரைவ் பொருந்தும் இடத்தைச் சுற்றிச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். ‘டக் டக்’ என்ற உறுதியான ஒலி மந்தமாக மாறும் இடத்தில் உள்மரம் ஊறியிருக்கலாம். இந்தக் குறை இருந்தால் படகையே விட்டுவிடுங்கள்.
5. எக்ஸாஸ்ட் மேனிபோல்டும் ரைசரும். கடல்நீரால் நேரடியாகக் குளிரும் எஞ்சினில் இவை உள்ளிருந்தே அரிக்கும். அரித்துத் துளைத்தால் கடல்நீர் சிலிண்டருக்குள் இறங்கும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். ஐந்து ஆண்டைத் தாண்டியிருந்தால் அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.
6. ஓட்டம். கடலில் ஓட்டிப் பார்க்கும்போது முழு வேகத்தில் நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பல மெர்குரூசர் பெட்ரோல் எஞ்சின்களுக்கு 4400 முதல் 4800 வரை வரவேண்டும். சரியான வரம்பு அந்த எஞ்சினின் கையேட்டில் இருக்கும்.

நான்காம் படி: ஒவ்வொரு பயணத்துக்கும் பிறகு

வீடு திரும்பியதும் களைப்பு இருக்கும். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். படகின் ஆயுள் இங்கேதான் தீர்மானமாகிறது.

1. டிரைவை முழுவதும் கீழே இறக்குங்கள். நீர் உறிஞ்சும் துளைகள்மேல் இரட்டை ரப்பர்க் கிண்ணத்தை மாட்டி, குழாயை இணையுங்கள்.
2. முதலில் தண்ணீரைத் திறங்கள். பிறகுதான் எஞ்சின். வறண்ட நிலையில் ஓடினால் இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் சில நொடிகளிலேயே கருகத் தொடங்கும்.
3. பெட்ரோல் எஞ்சினானால் ஸ்டார்ட் செய்யுமுன் எஞ்சின் அறைக் காற்றூதியைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும்.
4. நியூட்ரலில், மெதுவேகத்தில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். புரொப்பெல்லர் அருகே ஆள் நிற்கக்கூடாது.
5. எஞ்சினை நிறுத்திய பிறகு தண்ணீரை மூடுங்கள். டிரைவின் வெளிப்புறத்தையும் இழுவண்டியின் பிரேக்கையும் சக்கர பேரிங்கையும் நல்ல நீரில் கழுவுங்கள்.
6. டிரைவைக் கீழ்நிலையிலேயே நிறுத்திவையுங்கள். தூக்கியபடி வாரக்கணக்கில் விட்டால் பெல்லோஸ் வளைந்த நிலையிலேயே விறைத்து, பிறகு வெடிக்கும்.

லிங்கி முகத்துவாரத்துக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அங்கே சேறும் மணலும் கலந்த நீரை இழுப்பதால் இம்பெல்லர் விரைவில் தேயும். ஆழம் குறைந்த இடத்தில் மெதுவாகப் போங்கள். புரொப்பெல்லரில் வலையோ கயிறோ சிக்கினால் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, டிரைவைத் தூக்கிப் படகுக்குள் இருந்தபடியே கழற்றப் பாருங்கள். லிங்கி ஆற்றில் முதலைகள் உண்டு. எந்தக் காரணத்துக்காகவும் நீரில் இறங்காதீர்கள்.

ஐந்தாம் படி: ஆண்டு வேலை

இதுதான் நாம் வகுத்துக்கொள்ளும் குளிர்காலம். படகு நூறு மணி நேரம் ஓடியிருந்தாலும் பத்து மணி நேரமே ஓடியிருந்தாலும் பட்டியல் ஒன்றுதான்.

கியர் ஆயில். மேல்திருகையும் அடித்திருகையும் கழற்றி முழுவதும் வடியவிடுங்கள். புதிய ஆயிலை எப்போதும் அடியிலிருந்து மேல்நோக்கிப் பம்பு செய்யவேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும், டிரைவ் பாதி ஆயிலோடு ஓடும். மேல்துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வழிந்ததும் முதலில் மேல்திருகை மூடி, பிறகு பம்பை எடுத்து அடித்திருகைப் போடுங்கள். இரண்டுக்கும் புதிய வாஷர். லோரி கியர் ஆயில் மிச்சமிருக்கிறதே என்று அதை ஊற்றாதீர்கள். படகுக்கான ஆயில் சிறிதளவு ஈரம் புகுந்தாலும் பாகங்களைக் காக்கும்படி செய்யப்பட்டது. வடித்த ஆயிலை வாய்க்காலில் ஊற்றவும் கூடாது. கழிவு எண்ணெய் மலேசியச் சட்டப்படி அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு. அதைச் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள்.

இம்பெல்லர். ஆண்டுக்கு ஒன்று. பழையதை எடுக்கும்போது எல்லா இதழ்களும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஓர் இதழ் குறைந்தால் அது எஞ்சினின் குளிர்நீர்ப் பாதையில் எங்கோ அடைத்திருக்கிறது. தேடி எடுக்காமல் படகை இறக்காதீர்கள்.

அனோடு. அலுமினிய டிரைவுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதற்காகவே வைத்த உலோகக் கட்டி இது. பாதி கரைந்ததும் மாற்றவேண்டும். போர்ட்டிக்சன் கடலுக்கும் லிங்கியின் உவர்நீருக்கும் மாறிமாறிப் போகும் படகுக்கு அலுமினிய அனோடே பொருத்தம். துத்தநாகம் கடலில் நன்றாக வேலை செய்யும், உவர்நீரில் மந்தமாகும். கென்யிர் ஏரி போன்ற நன்னீரில் மட்டும் ஓட்டுபவருக்கு மக்னீசியம். அதைக் கடலில் போட்டால் விரைவில் கரைந்துபோகும். அனோடின்மேல் பெயின்ட் அடிக்கக்கூடாது, அடித்தால் அது வேலை செய்யாது. சிப்பி ஒட்டாமலிருக்க அடிக்கும் தாமிரப் பெயின்ட்டை டிரைவின்மேல் பூசவே கூடாது. தாமிரம் அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும்.

பெல்லோஸ். தொட்டால் மிருதுவாக இருந்தாலும் நம் வெப்பத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது பாதுகாப்பு. கூடவே ஷிப்ட் கேபிளின் சிறிய ரப்பர் உறையையும் மாற்றுங்கள். அதிலே விழும் ஓட்டை வழியாகவும் படகு மூழ்கும்.

டிரைவைக் கழற்றிப் பார்த்தல். ஆண்டுக்கு ஒருமுறை டிரைவை முழுவதும் கழற்றி யூ-ஜாயின்ட்டையும், தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கையும் பார்க்கவேண்டும். தோட்டத்து டிராக்டரின் தண்டில் இருக்கும் அதே யூ-ஜாயின்ட் தான். கை பழகியவருக்குப் புதிதில்லை. எப்படிக் கழற்றுவது என்பது ஏழாம் படியில்.

ஆறாம் படி: டிரைவ் சொல்லும் அறிகுறிகள்

- திருப்பும்போது மட்டும் உறுமல் கேட்டால் கிம்பல் பேரிங். ‘கடக் கடக்’ என்று இடித்தால் யூ-ஜாயின்ட்.
- மெதுவேகத்தில் சரியாக இருந்து, வேகம் ஏறியதும் சூடு ஏறினால் இம்பெல்லரோ நீர்ப்பாதை அடைப்போ.
- எஞ்சின் அலறுகிறது, படகு நகரவில்லை என்றால் புரொப்பெல்லரின் நடு ரப்பர் வழுக்குகிறது. எஞ்சினோடு இணைக்கும் கப்ளரும் அறுந்திருக்கலாம்.
- ஆல்ஃபாவில் கியரிலிருந்து நியூட்ரலுக்கு வரும்போது எஞ்சின் நின்றுபோனால், டிரைவுக்குள் போகும் ஷிப்ட் கேபிள் இறுகியிருக்கிறது.
- தூக்கிவைத்த டிரைவ் தானாக இறங்கினால், அதைத் தூக்கி இறக்கும் டிரிம் பம்பின் ஆயிலையும் சீல்களையும் பாருங்கள்.
- படகின் அடியில் காரணம் தெரியாமல் கடல்நீர் சேர்ந்தால் அன்றே கரையேற்றுங்கள். பெல்லோஸ் கிழிந்திருந்தால் அடுத்த நாள்வரை பொறுக்காது.

மலாக்கா நீரிணையில் விடியற்காலையில் திடீரென வீசும் சுமத்ராப் புயலை அறிந்தவர்கள், நடுக்கடலில் எஞ்சின் நின்றால் என்னவாகும் என்பதையும் அறிவார்கள். அறிகுறி தெரிந்த பிறகு இன்னொரு பயணம் போய்வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள்.

ஏழாம் படி: கழற்றுவதும் மாட்டுவதும்

மெர்குரூசரை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். மற்றவற்றுக்கு அதனதன் கையேடு.

1. இழுவண்டிச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஆயிலை வடித்துவிடுங்கள்.
2. டிரைவை முழுவதும் இறக்குங்கள். பிறகு பேட்டரி இணைப்பை எடுங்கள். ஆல்ஃபாவானால் முன்கியரில் போடுங்கள், பிராவோவானால் நியூட்ரலில். ஆல்ஃபாவில் இதை மறந்தால் கியர் இணைப்பு வளையும்.
3. டிரிம் சிலிண்டர்களின் பின்முனைப் பின்னைக் கழற்றி மேலே கட்டிவையுங்கள். எண்ணெய்க் குழாய்களைத் திறக்கவேண்டியதில்லை.
4. சங்கிலிக் கப்பியாலோ டிரைவ் தாங்கியாலோ எடையைத் தாங்குங்கள். தனியாளாகத் தூக்காதீர்கள்.
5. பக்கத்துக்கு மூன்றாக ஆறு நட்டுகளைக் கழற்றி, நேர்பின்னாக இழுங்கள்.
6. பெல்லோஸுக்குள் விரல் விட்டுப் பாருங்கள். ஈரமோ துருவோ இருந்தால் உறை கசிகிறது. யூ-ஜாயின்ட்டை எல்லாத் திசையிலும் வளைத்துப் பாருங்கள். கட்டை போல் சிக்கினால் மாற்றுங்கள். கிம்பல் பேரிங்கைக் கையால் சுழற்றிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் அதையும் மாற்றுங்கள்.
7. மாட்டுவதற்கு முன், எஞ்சின் நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று காட்டும் சீரமைப்புத் தண்டைப் பேரிங் வழியாகக் கப்ளருக்குள் செலுத்துங்கள். இரண்டு விரலால் தள்ளினாலே போகவேண்டும். முட்டினால் எஞ்சினின் முன்தாங்கியை ஏற்றியோ இறக்கியோ சரிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் மாட்டினால் புதிய கப்ளரும் விரைவில் பல் உதிர்ந்துவிடும்.
8. தண்டின் பற்களுக்கு அதற்குரிய கிரீஸ், புதிய கேஸ்கெட், புதிய ஓ-ரிங். ஆறு நட்டுகளையும் 68 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ஸ்பேனரால் சமமாக இறுக்குங்கள்.
9. ஆயில் நிரப்பி நீரில் இறக்கியதும் இழுவண்டியை எடுத்துவிடாதீர்கள். டிரைவைத் தூக்கி, இறக்கி, இருபுறமும் திருப்பி, உள்ளே நீர் வருகிறதா என்று பார்த்த பிறகே கயிற்றை அவிழுங்கள்.

பெல்லோஸ் மாற்றுவதை மட்டும் முதல்முறை அனுபவமுள்ள ஃபோர்மேனிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள். அதற்குச் சிறப்புக் கருவி வேண்டும். உறை சற்றுக் கோணலாக உட்கார்ந்தாலும் கசியும்.

எட்டாம் படி: எதை, எப்போது மாற்றுவது?

நீர் புகுந்ததை உடனே கண்டுபிடித்தால் சீல் மாற்றி, அழுத்தச் சோதனை செய்தால் போதும். கியர் பற்களில் துருக்குழி விழுந்துவிட்டால் சில்லறை வேலை பயன் தராது. கெட்டது மேற்பகுதியா, கீழ்ப்பகுதியா என்று பார்த்து அதை முழுதாக மாற்றுங்கள். இரண்டும் கெட்டிருந்தால் முழு டிரைவ்.

வாங்கும்போது மூன்று விவரம் கையில் இருக்கவேண்டும்: டிரைவின் தொடர் எண், எத்தனையாவது தலைமுறை, கியர் விகிதம். மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெளித்தோற்றத்தில் எல்லா ஆல்ஃபாவும் ஒன்று போலவே இருக்கும். ஆனால் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு 1.94, வி6-க்கு 1.81, வி8-க்கு 1.47 அல்லது 1.62 என்று உள்ளே வேறுபடும். வி8-இன் டிரைவை வி6-இல் மாட்டினால் எஞ்சின் சுமை தாங்காமல் திணறும், சுழற்சி மேலேறாது. புரொப்பெல்லரும் அப்படித்தான். அதன் பிட்ச் ஓர் அங்குலம் கூடினால் சுழற்சி ஏறக்குறைய 150 முதல் 200 வரை குறையும். மூன்றாம் படியில் குறித்த முழுவேகச் சுழற்சி இப்போது உதவும்.

செலவைக் குறைக்கத் தக்க இடமும் உண்டு, தகாத இடமும் உண்டு. புரொப்பெல்லர், டிரிம் சிலிண்டர், வெளி உறை போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். பெல்லோஸ், இம்பெல்லர், சீல், யூ-ஜாயின்ட் எல்லாம் எப்போதும் புதியதே. கார்ப் பாகத்தை எஞ்சின் அறையில் மாட்டவே கூடாது. படகின் எஞ்சின் பல சமயம் கார் எஞ்சினிலிருந்து வந்ததுதான். அதனால் கார் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் அச்சாகப் பொருந்தும். ஆனால் படகுக்கானவை உட்பொறி வெளியே பரவாதபடி மூடப்பட்டவை. மூடிய அறையில் தேங்கிய பெட்ரோல் ஆவிக்கு நடுவே கார் ஸ்டார்ட்டர் பொறி விட்டால் படகு வெடிக்கும். கையில் கருவியும் திறமையும் உள்ள நம்மவர்கள் சில நூறு ரிங்கிட்டை மிச்சப்படுத்த இந்தத் தவற்றைச் செய்துவிடக் கூடாது.

இந்த வாரமே செய்யவேண்டியது

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். முதல் பக்கத்தில் டிரைவின் தொடர் எண்ணும் கியர் விகிதமும். அடுத்த பக்கத்தில் பெல்லோஸ், இம்பெல்லர், அனோடு, கியர் ஆயில், ரைசர் ஆகிய ஐந்துக்கும் கடைசியாக மாற்றிய தேதி. ஏதேனும் ஒன்றுக்குத் தேதி தெரியவில்லையென்றால் அது காலாவதியானது என்றே கொண்டு மாற்றிவிடுங்கள். பிறகு நாட்காட்டியில் தீபாவளிக்கு அடுத்த வாரத்தைப் படகுக்கென்று குறித்துவையுங்கள். ஐந்து பாகங்களின் மொத்த விலை ஒரு புதிய டிரைவின் விலையோடு ஒப்பிடத் தக்கதே அல்ல. அந்த வாரத்தை ஆண்டுதோறும் தவறாமல் கடைப்பிடிப்பவரின் படகில் பிள்ளைகளை நம்பி ஏற்றலாம்.